தட்டு, முட்டு

கமா என்று ஒன்று இருக்கிறதே, வால் முளைத்த புள்ளி, அது பார்க்கத்தான் சாது. அது ஒரு குடும்பத்தையே கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிய்த்துப் போடும் என்று யாராவது சொல்லியிருந்தால் டிரைவிங் மாஸ்டர் சிரித்திருப்பார். இப்போது சிரிக்க மாட்டார். சிரிக்கத் தெம்பு இல்லை.

மாஸ்டர் பதினாறு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இன்னொரு பிரேக்கை வைத்துக்கொண்டு, "பதறாதீங்க, பதறாதீங்க, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டியவர். அவர் மனைவி நர்ஸ். தூர தேசத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து, நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அங்கே அவளுக்கு இரட்டை ஷிப்ட். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடுகிறாள். மாஸ்டர் போனால்தான் அவள் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியும். மாஸ்டருக்கு அந்த தேசம் கொடுத்த நுழைவு அனுமதியோ இந்த மாதம் முப்பதாம் தேதியோடு செத்துப்போகும்.

கிளம்ப வேண்டியதுதானே என்பீர்கள். கிளம்பலாம்தான். ஆனால் குடிபெயர் பொருள் அலுவலகம் என்று ஒன்றை நமக்கென்றே கட்டி வைத்திருக்கிறார்களே! வீட்டுச் சாமானைக் கப்பலில் அனுப்ப விண்ணப்பம் போட்டவர், சாமான் கப்பல் ஏறிய பிறகுதான் தான் விமானம் ஏறலாம். 'பொருள் முந்தி, ஆள் பிந்தி' என்று வாசலில் கல்லில் வெட்டியே வைத்திருக்கிறார்கள். சாமான் போனதும் 'போகலாம் சீட்டு' என்று மஞ்சள் காகிதம் ஒன்று தருவார்கள். விண்ணப்பம் போடாதவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இது விண்ணப்பம் போட்ட பிறகுதான் தெரியும்.

சாமான் கட்ட வந்த பேக்கிங்காரர் ரொம்ப ஒழுங்கான மனிதர். அதுதான் வினை. மெத்தை, மின்விசிறி, தையல் மெஷின், பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள் என்று இருபத்திரண்டு பெட்டிக்கும் முத்து முத்தான எழுத்தில் பட்டியல் போட்டார். வீட்டில் மிஞ்சியதெல்லாம் இருபத்து மூன்றாவதான கடைசிப் பெட்டியில் விழுந்தது. பதினோரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு இடுக்கி, துணி மாட்டும் கிளிப், டார்ச், கொஞ்சம் கயிறு, பாத்திரத்தைத் தொலைத்துவிட்ட ஒரு மூடி, டிவியை விற்ற பிறகும் வீட்டை விட்டுப் போக மறுத்த ரிமோட்.

"இதுல என்னங்க எழுதட்டும்?" என்றார் பேக்கிங்காரர்.

"தட்டுமுட்டுச் சாமான்னு போட்டுருங்க."

பட்டியல் என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவே கமா போட வேண்டும் என்று அவருடைய முதலாளி சொல்லிக்கொடுத்திருந்தார். 'தட்டு, முட்டு' என்று போட்டார். போட்டு மாஸ்டரிடம் கையெழுத்தும் வாங்கினார். மாஸ்டர் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். கமா கண்ணில் படவில்லை. கமாவை எல்லாம் யார் பார்க்கிறார்கள்?

அலுவலகத்துப் பட்டியல் அதிகாரி பார்த்தார்.

பன்னிரண்டாம் தேதி காலை மாஸ்டரின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால், இருபத்து மூன்றாவது பெட்டி வயிறு கிழிந்து கிடக்கிறது. பக்கத்தில் பதினோரு தட்டும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

"தட்டு இருக்கு," என்றார் அதிகாரி. "முட்டு எங்க?"

"என்ன சார்?"

"தட்டு, முட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தட்டு பதினொண்ணு, சரி. முட்டு?"

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கமாவை முதன்முதலாகச் சந்தித்தார். அவருடைய வலது கால் தானாக, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது.

"சார், அது ஒரே வார்த்தை சார். வீட்டுல சொல்லுவோமே, தட்டுமுட்டுச் சாமான்னு. கமா தெரியாம விழுந்துருச்சு."

"அப்ப தப்பான தகவல் குடுத்துட்டேன்னு எழுதித் தர்றீங்களா?"

"தர்றேன் சார். என்ன ஆகும்?"

"தப்பான தகவல் குடுத்தவர் மூணு வருஷத்துக்குப் பொருள் அனுப்ப முடியாது. பொருள் போகாம ஆள் போக முடியாது. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், தப்புன்னு எழுதாதீங்க. முட்டு இருக்குன்னே வெச்சுக்கோங்க. இருக்கிறதைக் காட்டிருங்க, முடிஞ்சு போச்சு."

"சார், அந்தப் பெட்டியே வேண்டாம். இங்கயே போட்டுட்டுப் போயிடறேன்."

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். பெற்ற பிள்ளையைச் சந்தையில் விட்டுப் போகிறேன் என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கைவிடறதுன்னா அது வேற பிரிவு. நீங்க நிஜமாவே கைவிட்டுட்டீங்களா, இல்ல பின்னால மனசு மாறுவீங்களான்னு பதினெட்டு மாசம் பார்ப்பாங்க. அதுவரைக்கும் ஊர்லயே இருக்கணும். சிலருக்குச் சீக்கிரம் முடியறதும் உண்டு."

"எப்படி சார்?"

"உரிமையாளர் காலமாயிட்டா."

பிறகு அவருக்கே ஒரு பெருமை பொங்கியது. "இந்த ஆபீஸ் ஆரம்பிச்சு முப்பத்தொரு வருஷம். ஒரு பொருள்கூட இங்கேருந்து தப்பாப் போனதில்ல, தெரியுமா? பாதிக்கு மேல போனதே இல்ல. அவ்வளவு கவனம்," என்று சொல்லி, ஒரு குறிப்பை எழுதி நீட்டினார். 'மேற்படி நபரின் முட்டைப் பரிசோதித்து அறிக்கை தரவும்' என்று அதில் இருந்தது.

அந்தக் குறிப்பு யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள வாசல் காவலாளி ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு நேராகக் கால்நடை டாக்டரின் அறையைக் காட்டினார். இரண்டு நாள் காத்திருந்து மாஸ்டர் உள்ளே போனார்.

"முட்டை எத்தனை?" என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

"முட்டை இல்ல டாக்டர். முட்டு."

"முட்டைன்னு எழுதியிருக்கே."

"முட்டுங்கறதோட ஒரு ஐ சேர்ந்து முட்டைன்னு ஆயிருச்சு டாக்டர்."

"இலக்கணமெல்லாம் எனக்கு வராதுங்க, நான் மாட்டு டாக்டர். கோழி முட்டையா, வாத்து முட்டையா? அதைச் சொல்லுங்க."

"கோழியும் இல்ல, வாத்தும் இல்ல."

"பின்ன எது போட்டது?"

"பேக்கிங்காரர் போட்டாரு," என்றார் மாஸ்டர். கமாவைத்தான் சொன்னார். சொன்ன பிறகு அதை விளக்கப் போனால் இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று தோன்றியதால் அப்படியே விட்டுவிட்டார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் யோசித்து, "முட்டுன்னா... முட்டுமா? கொம்பு உண்டா?" என்றார்.

"கொம்பெல்லாம் இல்ல டாக்டர். அப்படி ஒரு பொருளே இல்ல."

"அட, அதை முதல்லயே சொல்லக் கூடாதா! இல்லாத பிராணிக்கு நோய் இருக்க வாய்ப்பே இல்லையே." அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழ் இப்படி இருந்தது: 'மேற்படி முட்டு பரிசோதனைக்கு வரவில்லை. வராத வரையில் ஆரோக்கியமாக உள்ளது.'

மாஸ்டர் அதைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இத்தனை நாளில் அவர் கைக்குக் கிடைத்த முதல் காகிதம் அது.

மறுநாள் காலையில் மனைவி போன் செய்தாள். அங்கே சாயங்காலம். "என்னங்க, எப்ப வர்றீங்க? எனக்குக் காலு ரெண்டும் மரத்துப்போச்சு. பக்கத்து வீட்டம்மா முகத்தைச் சுளிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"முட்டு மட்டும் கிடைச்சாப் போதும், கிளம்பிருவேன்."

"என்ன கிடைச்சா?"

"ஒண்ணுமில்ல விடு. சின்னது எங்க? போனைக் குடு."

சின்னது வரவில்லை. போன வாரமெல்லாம் போனைப் பிடுங்கிப் பேசிய பிள்ளை. இப்போது தூரத்திலிருந்து, "அப்பா தினம் இதே சொல்றாரு," என்று மட்டும் கேட்டது. மாஸ்டர் வெறும் வீட்டில், மெத்தையும் இல்லாத தரையில், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்தொன்பதாம் தேதி சொல் விளக்கக் குழு கூடியது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் அலுவலகம் தவிக்கும்போது மட்டும் கூடுகிற குழு அது. ஆகையால் வாராவாரம் கூடும். மூன்று பேர். ஒருவர் இரண்டு தடவை ஓய்வு பெற்றும் வீட்டுக்குப் போகாதவர். இன்னொருவர் கண்ணை மூடியபடியே எல்லாவற்றையும் ஆமோதிப்பவர். மூன்றாமவர் இயக்குநர். இயக்குநரின் மேசை கொஞ்சம் சாய்வு. அதன் மேல் எந்தக் கோப்பை வைத்தாலும் மெல்ல நழுவி 'நிலுவை' என்று எழுதிய தட்டில் போய் விழும். அவரும் அது விதிப்படி நடப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"குடிபெயர்தல்னா என்ன?" என்று ஆரம்பித்தார் இயக்குநர். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலும் சொன்னார். "பொருள் ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குப் போறது. மனுஷன் அதுக்குத் துணையாப் போறான், அவ்வளவுதான். பொருளுக்கு வாய் கிடையாது. அதனால அதுக்காக நாங்க பேசறோம். மனுஷனுக்கு வாய் இருக்கு. இருக்கிறதாலதான் அவன் சொல்றதை நாங்க கேட்கறதில்ல. கேட்க ஆரம்பிச்சா ஒவ்வொருத்தனும் பொண்டாட்டி, புள்ளைன்னு ஒரு கதையோட வர்றான். கதையை எந்தப் பெட்டியில அனுப்பறது?"

கண்ணை மூடியிருந்தவர் ஆமோதித்தார்.

"சார், எனக்கு முப்பதாம் தேதிக்குள்ள போயாகணும். புள்ள அங்க..."

"பார்த்தீங்களா!" என்றார் இயக்குநர் மற்ற இருவரிடமும், தன் வாதம் நிரூபணமான சந்தோஷத்தில்.

மதியம் வரை பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். டாக்டர் சான்றிதழின்படி முட்டு பிராணி அல்ல. 'முட்டுக் கொடுத்தல்' என்று வழக்கு இருப்பதால், முட்டு என்பது வேறொன்று சாயாமல் தாங்கும் கட்டை. மேற்படி நபர் அப்படிப்பட்ட கட்டை ஒன்றை இருபத்தெட்டாம் தேதிக்குள் ஆஜர்படுத்தினால் பட்டியல் நிறைவு பெறும்.

ஒரு கட்டைதானே! மாஸ்டர் விழுந்தடித்துக்கொண்டு கார்பெண்டரிடம் ஓடினார். மாஸ்டரிடம் போன வருடம் கார் கற்றுக்கொண்டவர்தான் கார்பெண்டர். கட்டை எதற்கென்று கேட்டார். மாஸ்டர் சொன்னார். கார்பெண்டர் பாதியிலேயே, "போதும் மாஸ்டர், கேட்கவே தலை சுத்துது," என்று சொல்லி, கையகலத்தில் ஒரு கட்டையை அறுத்து, நாலு பக்கமும் இழைத்து, மினுமினுவென்று கொடுத்தார்.

அந்த மினுமினுப்புத்தான் காலை வாரியது.

"புதுசு," என்றார் பட்டியல் அதிகாரி, கட்டையை முகர்ந்து பார்த்து. "வீட்டுப் பொருள்னா ஒரு வருஷமாவது புழங்கியிருக்கணும். புதுப் பொருள்னா வியாபாரம். நீங்க முட்டு வியாபாரியா?"

"இல்ல சார்."

"அப்ப பழசைக் கொண்டாங்க. இல்லேன்னா இதையே வீட்டுல எதுக்காவது முட்டுக் குடுத்து ஒரு வருஷம் வெச்சிருந்து கொண்டாங்க. இப்பவே ஆரம்பிச்சா அடுத்த வருஷம் இதே நாள்ல முடிஞ்சுரும்."

அன்று தேதி இருபத்தாறு. மாஸ்டர் வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கத் தோன்றவில்லை. கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு டோக்கன் வாங்க வேண்டியிருக்குமோ என்று நினைத்தார்.

டைப்பிஸ்ட் அக்கா சாப்பாட்டுக் கூடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருபத்தைந்து வருடமாக அந்த அலுவலகத்தின் அத்தனை கடிதங்களையும் அடித்தவர். ஒரு கடிதத்தையும் நம்பாதவர். "மாஸ்டர், பழைய முட்டுக்கா இப்படி அலையறீங்க?" என்றார். "டைரக்டர் மேசைக்கு அடியில குனிஞ்சு பார்த்ததே இல்லையா?"

"எதுக்கு அக்கா?"

"நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. ஒரு கட்டை வெச்சிருக்காங்க. அதுவும் தேஞ்சு போய்த்தான் இந்தச் சாய்வு. இந்த ஊர்லயே அதைவிடப் பழசா ஒரு முட்டு இருக்காது. உங்க புதுக்கட்டையை இப்படிக் குடுங்க. அவர் சாப்பிடப் போயிருக்காரு. திரும்பி வர மூணு மணி ஆகும்."

"அக்கா, மாட்டிக்கிட்டா உங்க வேலை?"

"போகட்டுமே. இங்க அடிச்சதையே அடிச்சு என் விரல்தான் தேஞ்சுது. எனக்கும் ஒரு மக இருக்கா மாஸ்டர். மேசையைத் தூக்க மட்டும் ஒரு கை வேணும், வாங்க."

மாஸ்டர் தூக்கினார். அக்கா பழசை உருவிப் புதுசை வைத்தார். ஒரு நிமிட வேலை.

மறுநாள் பட்டியல் அதிகாரி அந்தப் பழைய கட்டையைக் கையில் வாங்கியதும் குரலே தழுதழுத்துவிட்டது. "இது முட்டு! பார்த்தாலே தெரியுதே. எத்தனை வருஷம் எதையோ தாங்கியிருக்கு, பாவம். இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாளா இல்ல இல்லன்னீங்க?" ஆறு முத்திரை குத்தினார். இருபத்தெட்டாம் தேதி கப்பல் கிளம்பியது. இருபத்து மூன்று பெட்டியும் போயின. போகலாம் சீட்டு மறுநாள் காலை இயக்குநர் கையெழுத்தோடு கிடைக்கும் என்றார்கள். மாஸ்டர் மனைவிக்குப் போன் செய்து, "நாளன்னிக்கு விமானம். வந்துட்டேன்னு வெச்சுக்கோ," என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவளும் அழுதாள்.

இருபத்தொன்பதாம் தேதி இயக்குநரின் அறைக்கு வெளியே ஒரே பரபரப்பு. மூன்று நாளாக ஒரு கோப்பும் நிலுவைத் தட்டில் போய் விழவில்லையாம். வைத்தது வைத்தபடி மேசை மேலேயே கிடக்கிறதாம். கையெழுத்துப் போடாமல் வேறு வழியே இல்லாமல் இயக்குநர் பதினோரு கோப்புகளில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். பயந்துபோய் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறார். மினுமினுவென்று ஒரு கட்டை.

இருப்புப் பதிவேட்டைப் புரட்டினார்கள். 'மரக்கட்டை, மேசைக்காலுக்கு, ஒன்று' என்று எண்ணோடு இருந்தது. எண்ணைத் தேடிக்கொண்டு போனால், அதே எண் பொறித்த கட்டை ஆறு முத்திரையோடு, மாஸ்டரின் வீட்டுப் பொருளாக, நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தது. டைப்பிஸ்ட் அக்கா தான்தான் எடுத்ததாக எழுதிக் கொடுத்தார். அதைக் கடிதமாக அடித்துத் தாக்கல் செய்யும்படி அவரிடமே உத்தரவிட்டார்கள்.

"உங்க மேல எனக்குக் கோபமில்ல," என்றார் இயக்குநர். மஞ்சள் சீட்டு கையெழுத்தில்லாமல் அவர் முன்னால் இருந்தது. "ஆனா பாருங்க, அந்தக் கட்டை திரும்பி வந்தாகணும். அங்க போய் இறங்கி, அங்கேருந்து மறுபடி கப்பல் ஏறி வரும். வர்றப்ப வாங்கிக்க இங்க ஆள் வேணும். அனுப்பினவர் நீங்க. நீங்களே போயிட்டா யார் வாங்கறது?"

"சார், நாளைக்கு என் அனுமதி முடியுது. நாளைக்குப் போகலேன்னா மறுபடி அனுமதி வாங்க ஒரு வருஷம் ஆகும். என் புள்ளைக்கு நாலு வயசு சார். ஒரு வருஷத்துல என் முகமே மறந்து போயிரும் சார்."

இயக்குநர் மஞ்சள் சீட்டை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தார். அது நழுவவில்லை. விரலால் மெல்லத் தள்ளி அவரே நிலுவைத் தட்டில் விழ வைத்தார்.

முப்பதாம் தேதி வந்தது. போனது.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் மாஸ்டர் அந்த நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, கட்டை வந்ததா என்று கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறாவது திங்கட்கிழமை காலை, பெஞ்சில் இருக்கும்போது போன் வந்தது. மனைவிதான்.

"பெட்டியெல்லாம் வந்துருச்சுங்க. இருபத்து மூணும்." அவள் குரலில் சந்தோஷம் இல்லை. "ஏதோ கட்டை ஒண்ணு வந்திருக்கு, அது என்னன்னு தெரியல. அது கிடக்கட்டும். இவதான்... வந்ததுலேருந்து ஒரு வாய் சாப்பிடல. ஒவ்வொரு பெட்டியா டேப்பைப் பிய்ச்சுப் பிய்ச்சு உள்ள தலையை விட்டுப் பார்க்கறா. சைக்கிளைத் தேடறான்னு நினைச்சேன். சைக்கிளை எடுத்துக் குடுத்தேன், ஓரமாத் தள்ளிட்டா. பெட்டி வந்தா அப்பா வருவாருன்னு நான்தாங்க சொல்லி வெச்சிருந்தேன். தப்பு என்னோடதுதான்."

"போனை அவகிட்ட குடு."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, கொஞ்சம் கோபமாக: "அப்பா, எல்லாப் பெட்டியும் பார்த்துட்டேன். நீ எந்தப் பெட்டில இருக்க?"

மாஸ்டர் உடைந்து அழுதார். நடைபாதையில் போகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். பதினாறு வருடம் எத்தனையோ பேருக்குப் பதறாதீங்க என்று சொன்ன மனிதர், வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு அழுதார்.

"அப்பாவை இன்னும் பெட்டில வைக்கல கண்ணு," என்றார் கடைசியில். "இடம் இல்லைன்னுட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"நீ காலை மடக்கி உக்காந்துக்கோப்பா," என்றது பிள்ளை. "அப்படியே தலையையும் குனிஞ்சுக்கோ. இடம் இருக்கும்."